மால்கம் ஹல்க்கின் ‘கேவ் மான்ஸ்டர்ஸ்’: எதிரிகளுக்குப் பெயர் வைத்த நாவல்

தாழிசை எழுதியது:

காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரை நாயகனாகக் கொண்ட பிரித்தானிய அறிவியல் புனைவுத் தொடர் டாக்டர் ஹூ. அதன் தொலைக்காட்சிக் கதைகளை நாவல்களாக்கி டார்கெட் பதிப்பகம் வெளியிட்ட நூல்களுள், 1974 ஜனவரியில் வந்த ‘டாக்டர் ஹூ அண்ட் த கேவ் மான்ஸ்டர்ஸ்’ நாவலைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். நாவலை எழுதியவர் மால்கம் ஹல்க். 1970 ஜனவரி 31 முதல் மார்ச் 14 வரை ஏழு பகுதிகளாக பிபிசியில் ஒளிபரப்பான சிலூரியன் கதையின் திரைக்கதையையும் அவரே எழுதியிருந்தார். தன் கதையைத் தானே திரும்ப எழுதும் வாய்ப்புக் கிடைத்த ஓர் எழுத்தாளர் எதை மாற்றினார், எதை அப்படியே விட்டார் என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில், வென்லி மூர் என்னும் மேட்டுநிலத்துக்கு அடியில் ஓர் அணு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே காரணம் தெரியாமல் மின்சாரம் குறைகிறது. ஊழியர்கள் மனம் பேதலிக்கிறார்கள். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியை ஆண்ட சிலூரியன்கள் என்னும் ஊர்வன இனம் ஒன்று அருகிலுள்ள குகைகளுக்குள் நீண்ட உறக்கத்தில் இருந்ததும், தம் மக்களை எழுப்புவதற்காக நிலையத்தின் மின்சாரத்தை அவர்கள் இழுத்துக்கொண்டிருப்பதும் பிறகு தெரிய வருகின்றன.

தொலைக்காட்சியில் இந்த ஊர்வன மனிதர்கள் எவருக்கும் பெயர் கிடையாது. முதிய சிலூரியன், இளைய சிலூரியன், சிலூரியன் விஞ்ஞானி என்று வயதையும் வேலையையும் வைத்தே நாம் அவர்களைப் பிரித்தறிகிறோம். நாவலோ அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ஓக்டெல், க்டோ, மோர்க்கா என்ற மூவர் நிற்கிறார்கள். வானத்தில் ஒரு சிறு கோள் நெருங்கி வருகிறது. அது கடந்துபோகும்போது காற்று மண்டலம் பறிபோய்விடும் என்று அஞ்சி, அவர்களுடைய இனமே நிலத்தடிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. டாக்டரோ, அவரோடு பணிபுரியும் படைத்தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டோ, விஞ்ஞானி லிஸ் ஷாவோ இன்னும் வரவில்லை. மனித இனமே இன்னும் வரவில்லை. ஆகவே வாசகன் முதலில் அறிமுகமாவதும், முதலில் கவலைப்படுவதும் அவர்களுக்காகத்தான்.

கதையின் தொலைக்காட்சி முடிவு பலருக்கும் நினைவிருக்கும். சமாதானம் பேசலாம் என்று டாக்டர் நம்பியிருக்க, மீண்டும் உறக்கத்துக்குப் போன சிலூரியன்களின் இருப்பிடத்தை பிரிகேடியர் வெடிவைத்துத் தகர்க்கிறார். மேட்டுநிலத்தில் நின்றபடி டாக்டர் அதைக் கொலை என்கிறார். நாவலைப் படித்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல் வேறு கனத்தோடு வந்து சேரும் என்பதே என் எண்ணம். நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

வடகரை வாசகன் எழுதியது:

தாழிசை அவர்களுக்கு வணக்கம். நாவலின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பாராட்டும் அந்தத் தொடக்கத்துக்குக் கதை கொடுத்த விலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

தொலைக்காட்சிக் கதையின் முற்பகுதிகள் நம்மை எப்படிப் பிடித்து வைக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். குகைக்குள் இறங்கிய இருவருள் ஒருவர் இறந்துவிட, மற்றவர் சுவரில் ஆதிமனிதனைப் போல ஓவியம் கிறுக்கிக்கொண்டிருக்கிறார். காயம்பட்ட சிலூரியன் வயல்வெளிகளில் அலையும்போது நாம் அதைப் பார்ப்பதில்லை. அதன் மூன்று கண்களின் வழியாக உலகத்தைப் பார்க்கிறோம், அதன் மூச்சொலியைக் கேட்கிறோம். ஒரு களஞ்சியத்தின் வைக்கோலுக்குள் அது ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். அங்கு வருபவர்கள் அறியமாட்டார்கள். இயக்குநர் டிமதி கோம் இந்த மறைப்பைப் பொறுமையாக, வாரக்கணக்கில் கட்டிக்காத்திருக்கிறார். வந்திருப்பது மிருகமா, வேற்றுக்கோளாரா, இந்த மண்ணின் முன்னாள் குடிகளா என்ற கேள்வி பார்வையாளரை வாரம்தோறும் மீண்டும் அழைத்து வருகிறது.

நாவல் இந்தக் கேள்விக்கான விடையை முதல் பக்கங்களிலேயே கையில் கொடுத்துவிடுகிறது. அதன்பின் மின்சாரம் ஏன் குறைகிறது என்று டாக்டர் தேடும்போது, விடை தெரிந்த வாசகன் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. துப்பறியும் சுவையை முன்கூட்டியே செலவழித்துவிட்டு அதற்கு ஈடாக அனுதாபத்தை வாங்கியிருக்கிறார் ஹல்க். அந்த வணிகம் அவருக்கு ஆதாயமாக முடிந்ததா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது.

அகல்விழி எழுதியது:

ஊர்வன மனிதர்களைப் பற்றி இருவரும் எழுதிவிட்டீர்கள். நான் இந்த நாவலில் உள்ள மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் ஹல்க்கின் கைவண்ணம் அங்கேதான் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது.

ஆராய்ச்சி நிலையத்தின் துணை இயக்குநர் டாக்டர் குவின் சிலூரியன்களை முதலில் கண்டுபிடித்தவர். அவர்களுடைய பழைய அறிவைப் பெற்றுத் தன் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்ற ஆசையில் அந்தச் செய்தியை எல்லோரிடமிருந்தும் மறைக்கிறார். அவருடைய உதவியாளர் மிஸ் டாசன் எல்லாம் தெரிந்திருந்தும் வாய்திறப்பதில்லை. தொலைக்காட்சியில் அவர் ஏன் வாய்திறக்கவில்லை என்பதை நடிகையின் முகத்திலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். நாவல் அவருடைய கடந்த காலத்தைத் திறந்து காட்டுகிறது. தாயைப் பார்த்துக்கொள்வதிலேயே இளமை கழிந்துபோன ஒரு பெண், குவினிடம் தனக்கு ஒரு வாழ்க்கை அமையும் என்ற நம்பிக்கையை வளர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் அவரை மௌனமாக்குகிறது. குவின் இறந்தபின் சிலூரியன்கள்மேல் அவருக்கு எழும் வெறுப்பும் அங்கிருந்தே பிறக்கிறது. நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கும் (திரையில் மேஜர் பேக்கர், நாவலில் மேஜர் பார்க்கர்) இவ்வாறே ஒரு பின்கதை கிடைக்கிறது. அதனால் அவருடைய சந்தேக குணம் வெறும் முரட்டுத்தனமாக நின்றுவிடாமல் ஒரு மனிதனின் காயமாக நமக்குத் தெரிகிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரியும் ஓர் அறிவியலாளருக்கு உள்வாழ்க்கை என்று ஒன்றைக் கொடுக்கும்போது, அது முழுவதும் திருமண ஏக்கமாகவே இருக்க வேண்டுமா? குவினுக்குப் புகழாசை இருப்பதைப் போல அவருக்கும் அறிவின்மேல் பசி இருந்திருக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இனத்தோடு பேச முடியும் என்ற வியப்பு அவரையும் கட்டிப்போட்டிருக்கலாம். லிஸ் ஷா என்ற தேர்ந்த விஞ்ஞானியைத் தன் கதைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஹல்க் இப்படிச் செய்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. எழுபதுகளின் பழக்கம் என்று அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், சில காட்சிகளில் மட்டும் வந்துபோகும் ஒரு பாத்திரத்தை நிறுத்தி, அவளுடைய நியாயம் என்னவென்று கேட்கும் பொறுமை இந்த வரிசையின் மிகச் சில எழுத்தாளர்களிடமே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லடுக்கு எழுதியது:

நான் நிலவியல் படித்தவன். இந்தக் கதையின்மேல் எனக்குள்ள பற்று, அதன் அறிவியல் பிழைகளையும் சேர்த்துக்கொண்ட பற்றுதான். எனவே அவற்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

சிலூரியன் காலம் என்று நிலவியலார் குறிப்பது ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 42 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பகுதி. அப்போது கடலில் மீன்கள் இருந்தன. நிலத்தில் சிறுசெடிகள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஊர்வன தோன்றுவதற்கு அதன்பின் இன்னும் பத்துக் கோடி ஆண்டுகள் ஆயின. எனவே அந்தப் பெயர் பொருந்தாது. இதை எவரோ சுட்டிக்காட்டியதாலோ என்னவோ, 1972-இல் வந்த கடல் பிசாசுகள் கதையில் டாக்டரே அதைத் திருத்தி, ஈயோசீன் காலத்தவர் என்று அழைத்திருக்க வேண்டும் என்கிறார். அதுவும் பொருந்தாது. ஈயோசீன் தொடங்கும்போது டைனோசர்கள் அழிந்து ஒரு கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தக் கதையிலோ குகைக்குள் காவலுக்கு ஒரு டைனோசரே நிற்கிறது.

அந்தச் சிறு கோள் சங்கதி இதைவிடச் சுவையானது. சிலூரியன்கள் அஞ்சிய பேரழிவு வரவேயில்லை. வந்த கோள் பூமியின் ஈர்ப்பில் சிக்கிச் சுற்றத் தொடங்கி, நம் நிலவாகிவிட்டது. காற்று மண்டலம் பறிபோகாததால் அவர்களை எழுப்ப வேண்டிய ஏற்பாடும் இயங்கவில்லை. உறங்கியவர்கள் உறங்கிக்கொண்டே இருந்தார்கள். இன்று இதைக் கேட்டால் நாங்கள் தலையசைத்து மறுப்போம். ஆனால் 1970-இல் நிலவு வெளியிலிருந்து வந்து பிடிபட்டது என்பது அறிஞர்கள் முன்வைத்த மதிப்புள்ள கருதுகோள்களுள் ஒன்று. அப்பல்லோ 11 கொண்டுவந்த பாறைகள் 1969 ஜூலையில்தான் பூமிக்கு வந்திருந்தன. பெருமோதல் ஒன்றில் சிதறிய பொருளிலிருந்து நிலவு உருவானது என்ற கருத்து எழுபதுகளின் நடுவில்தான் வலுவாக முன்வைக்கப்பட்டது. ஆக, ஹல்க் தன் காலத்து அறிவியலைத்தான் கதைக்குக் கடன்வாங்கினார். பிறகு அந்த அறிவியல் நகர்ந்துவிட்டது.

இந்தக் கதை அறிவியலுக்குத் திருப்பிக் கொடுத்த ஒன்றும் உண்டு. நாசாவின் காலநிலை அறிஞர் கேவின் ஷ்மிட்டும் ராச்செஸ்டர் பல்கலைக்கழக வானியற்பியலாளர் ஆடம் ஃபிராங்கும் 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். பூமியில் நமக்கு முன் ஒரு தொழில்மய நாகரிகம் இருந்து அழிந்திருந்தால் பாறை அடுக்குகளில் அதன் தடயம் நமக்குத் தெரியுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அந்தக் கருதுகோளுக்கு இந்தக் கதையை நினைந்தே சிலூரியன் கருதுகோள் என்று பெயரிட்டார்கள். அப்படி ஒரு நாகரிகம் இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நகரங்களும் சாலைகளும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் மறைந்துவிடும். கார்பன் ஐசோடோப்பு விகிதத்தில் ஒரு திடீர் மாற்றம், வண்டல் படிவு வேகத்தில் ஒரு மாற்றம், செயற்கை வேதிப்பொருள்களின் மெல்லிய சுவடு ஆகியவைதான் எஞ்சும் என்று காட்டினார்கள். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென வெப்பமடைந்த நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொண்டு, நாம் இன்று விட்டுச்செல்லும் தடமும் தொலைவிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும் என்று ஒப்பிட்டார்கள். நாவலின் முதல் பக்கங்களில் தம் நகரத்தை விட்டுக் கீழிறங்கும் ஓக்டெலின் மக்களை நினைக்கும்போது இந்தக் கட்டுரையும் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தாழிசை எழுதியது:

கல்லடுக்கு ஐயாவின் பதிவுக்கு மனமார்ந்த நன்றி. இனி வடகரை வாசகன் அவர்கள் எழுப்பிய ஐயத்துக்கு வருகிறேன்.

தொலைக்காட்சியில் மர்மம் ஏழு வாரங்களைத் தாங்க வேண்டியிருந்தது என்பதை ஏற்கிறேன். நாவலுக்கு அந்தச் சுமை இல்லை. ஓரிரு மாலைகளில் படித்து முடிக்கக்கூடிய சிறிய நூல் அது. அதன் அட்டையிலேயே மூன்று கண் உயிரின் படமும் டைனோசரின் படமும் இருந்தன. வாங்கும் சிறுவனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது கடையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். மறைக்க முடியாத ஒன்றை மறைப்பதுபோல நடிக்காமல், வேறொரு பதற்றத்தின்மேல் நாவலை எழுப்பினார் ஹல்க். யார் இவர்கள் என்ற கேள்வியின் இடத்தில், இவர்கள் ஒருவரையொருவர் எப்போது புரிந்துகொள்ளப் போகிறார்கள் என்ற கேள்வி வந்து அமர்கிறது. இரண்டு பக்கத்தின் நியாயத்தையும் அறிந்த வாசகன், அறியாத மனிதர்கள் துப்பாக்கியோடு குகைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பொறுத்தவரை இந்தப் பதற்றம் முன்னதைவிட வலியது, ஏனெனில் விடை தெரிந்தபின்னும் அது தீர்வதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரையில் சிலூரியன்கள் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டு, நெற்றியிலுள்ள மூன்றாம் கண் மினுங்கப் பேசுவார்கள். இரப்பர் முகத்தின் வாய் அசையாததால், யார் பேசுகிறார் என்று பார்வையாளருக்குத் தெரிவிக்க அந்த ஆட்டம் தேவைப்பட்டது. குரல் கொடுத்தவர் பீட்டர் ஹாலிடே. அவர் நன்றாகவே செய்தார். இருந்தாலும், முதியவர் டாக்டரிடம் இரு இனங்களும் ஒரே பூமியில் வாழ முடியுமா என்று பேசும் காட்சியில், நாம் பாதி கவனத்தை அந்த ஆடையின்மேல் வைத்திருக்கிறோம். எழுத்தில் அந்தத் தடை விலகிவிடுகிறது. ஓக்டெல் அங்கே முதுமையும் களைப்பும் நிதானமும் உள்ள ஒரு தலைவர். தன் இனத்தின் இளைஞனைக் கண்டு அவர் அஞ்சுவது நமக்குப் புரிகிறது. அவரை மோர்க்கா கொன்று தலைமையைப் பிடிக்கும்போது, சமாதானத்துக்கு இருந்த ஒரே வழியும் அவரோடு மூடிக்கொள்வதை நாம் உணர்கிறோம்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய உரையாடல் இருக்கிறது. டாக்டரைப் பூமியிலேயே நிறுத்திவைப்பது என்று தொடர் முடிவெடுத்தபோது, இனி உங்களுக்கு வேற்றுக்கோளார் படையெடுப்பு, பைத்தியக்கார விஞ்ஞானி என்று இரண்டே கதைகள்தான் மிஞ்சும் என்று ஹல்க் தன் நண்பரும் தொடரின் திரைக்கதை ஆசிரியருமான டெரன்ஸ் டிக்ஸிடம் சொன்னார். படையெடுத்து வருபவர்கள் ஏற்கெனவே இங்கேயே இருந்தவர்களாக இருந்தால் என்ன என்ற எண்ணம் அதன் தொடர்ச்சியாக எழுந்தது. அந்த எண்ணத்தை அதன் இறுதிவரை கொண்டுபோனால் கதை யாருடைய கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்? நாவல் அதற்கு நேராகவே விடை சொல்லிவிட்டது.

பழம்பிரதி எழுதியது:

இந்த நூல்கள் எந்தச் சூழலில் பிறந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தாழிசை அவர்களின் வாதம் இன்னும் வலுப்பெறும்.

1973-இல் டார்கெட் பதிப்பகத்தின் ரிச்சர்ட் ஹென்வுட், அறுபதுகளில் பிரெடரிக் முல்லர் நிறுவனம் வெளியிட்டிருந்த மூன்று டாக்டர் ஹூ நாவல்களை மறுபதிப்புச் செய்தார். அவற்றுள் முதலாவது, தொடருக்கு வந்த கதைகளைச் செம்மைப்படுத்திய முதல் ஆசிரியரான டேவிட் விட்டேக்கர், டாலெக்குகள் என்னும் எதிரிகளை வைத்து எழுதிய நாவல். 1964 நவம்பரில் வந்த அந்த நூலை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். கதை முழுவதையும் டாக்டரின் பயணத்துணைவர்களுள் ஒருவரான இயன் செஸ்டர்டன் தன் வாயால் சொல்கிறார். திரையில் அவரும் மற்றொரு துணைவரான பார்பராவும் ஒரே பள்ளியின் ஆசிரியர்கள். நாவலிலோ மூடுபனி சூழ்ந்த பார்ன்ஸ் காமன் என்னும் இலண்டன் பொதுவெளியில், ஒரு சாலை விபத்தின் நடுவில்தான் அவர்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். முந்தைய கதை ஒளிபரப்பானதே இல்லை என்பதுபோல, விட்டேக்கர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். ஆக, நாவலாசிரியர் திரைக்கதைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்ற உரிமை இந்த வரிசையின் முதல் நூலிலேயே நிலைநாட்டப்பட்டிருந்தது.

மறுபதிப்புகள் நன்றாக விற்கவே புதிய நாவல்கள் தேவைப்பட்டன. 1974 ஜனவரியில் அவ்வாறு முதலில் வந்தவை இரண்டு. ஒன்று ராபர்ட் ஹோம்ஸின் திரைக்கதையிலிருந்து டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய, ஆட்டான்கள் என்னும் பிளாஸ்டிக் உருவ எதிரிகளைப் பற்றிய நாவல். மற்றது நாம் பேசிக்கொண்டிருக்கும் ஹல்க்கின் நாவல். டிக்ஸ் பின்னாளில் அறுபதுக்கும் மேற்பட்ட நாவலாக்கங்களை எழுதி இந்த வரிசையின் முதுகெலும்பானார். அவருடைய தெளிவான, வேகமான நடை ஒரு தலைமுறைக்கே வாசிப்புப் பழக்கத்தைக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் அவருடைய பிற்கால நூல்கள் பல திரைக்கதையை ஒட்டியே நடப்பவை. ஹல்க் அப்படி நடக்கவில்லை.

அப்போது வீட்டில் படப்பதிவு வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. மறு ஒளிபரப்பும் அரிது. ஒளிநாடாக்களின் விலையையும் இடநெருக்கடியையும் காரணமாகக் கொண்டு பிபிசி பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தது. அறுபதுகளின் பகுதிகள் பல இன்றுவரை கிடைக்கவில்லை. ‘மார்க்கோ போலோ’ கதை முழுவதுமாக இல்லை. சிலூரியன் கதையும் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. அதன் வண்ண நாடாக்கள் அழிக்கப்பட்டு, வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைத் திரைப்படச் சுருள்களே எஞ்சின. அமெரிக்காவில் ஒரு ரசிகர் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து வைத்திருந்த வண்ணப் பதிவை அந்தச் சுருள்களோடு இணைத்து, 1993-இல் வண்ணத்தோடு வீடியோ வெளியிட்டார்கள். அதாவது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தக் கதையை அறிந்துகொள்ள விரும்பிய பெரும்பாலோருக்கு ஹல்க்கின் நூல்தான் கதை. அவர்கள் மனத்தில் ஓக்டெலுக்கு எப்போதும் பெயர் இருந்தது. திரையில் அவர் பெயரற்றவராக இருந்ததைத்தான் அவர்கள் பின்னால் அறிந்தார்கள்.

வடகரை வாசகன் எழுதியது:

தாழிசை அவர்களின் விடையில் பதற்றம் இடம் மாறியது என்ற பகுதியை ஏற்கிறேன். ஆனால் எழுத்தால் எட்ட முடியாத ஓர் உயரத்தைத் திரை எட்டிய இடத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தம் பயிர்களைச் சூறையாடிய வாலில்லாக் குரங்குகளை ஒழிக்க முற்காலத்தில் தாம் உருவாக்கிய நோய்க்கிருமியை, இளைய சிலூரியன் இப்போது மனிதர்மேல் ஏவுகிறான். தொற்றுக்கு ஆளான அரசு அதிகாரி மாஸ்டர்ஸ் அதை அறியாமல் இரயிலேறி இலண்டனுக்குப் போகிறார். அந்தக் காட்சிகளை மேரில்போன் இரயில் நிலையத்திலேயே படமாக்கினார்கள். பயணச்சீட்டு வாங்கும் ஊழியராக நடித்தவர் டிரெவர் ரே; அவர் தொடரின் திரைக்கதைப் பிரிவிலேயே பணியாற்றியவர். மாஸ்டர்ஸ் வாயிலைக் கடந்து வாடகைக் காரில் ஏறிச் செல்கிறார். சீட்டு வாங்கியவர் தடுமாறி விழுகிறார். பிறகு நடைமேடையிலும் தெருவிலும் ஒருவர்பின் ஒருவராக மக்கள் சாய்கிறார்கள். விளக்கவுரை எதுவும் இல்லை. அன்றாடம் நாம் பார்க்கும் ஓர் இரயில் நிலையம், பெட்டியும் குடையுமாக நடக்கும் மக்கள், அவர்கள் சரிந்து விழுவது, அவ்வளவுதான். 2020-க்குப் பிறகு அந்தக் காட்சியை அமைதியாகப் பார்க்க என்னால் இயலவில்லை. ஒருவர் கை நீட்டிச் சீட்டு கொடுக்க, மற்றவர் அதை வாங்கும் அந்த நொடியைப் பார்க்கும்போது, நாம் அனைவரும் கைகளைப் பார்த்து அஞ்சிய அந்த மாதங்கள் திரும்பி வருகின்றன. எந்தத் திறமையான உரைநடையும் இதை விவரிக்கத்தான் முடியும்.

அகல்விழி எழுதியது:

வடகரை வாசகன் குறிப்பிட்ட அந்தக் கிருமியைப் பற்றியே ஒன்று. அது குரங்குகளுக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்ற செய்தி திரையில் ஒரு விளக்கமாக வந்துபோகிறது. நாவலில் ஊர்வன மனிதர்களின் உலகத்தை நாம் முன்பே கண்டிருப்பதால், அவர்கள் கண்ணுக்கு நம் முன்னோர்கள் தோட்டத்தைப் பாழாக்கும் விலங்குகள் மட்டுமே என்பது உறைக்கிறது. மனிதர்கள் அவர்களைப் பார்த்து அஞ்சுவது பழைய இன நினைவு என்றால், அவர்கள் நம்மைப் பார்த்து அருவருப்பதும் அதே அளவு பழையதுதான்.

மின்மினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 2005-க்குப் பிந்தைய டாக்டர் ஹூ மட்டுமே பார்த்திருக்கிறேன். அதில் வரும் சிலூரியன்களை அறிவேன். பழைய கதையை முதலில் பார்ப்பது நல்லதா, நாவலை முதலில் படிப்பது நல்லதா? நாவல் பிடித்திருந்தால் ஹல்க்கின் வேறு எந்த நூலைப் படிக்கலாம்?

பழம்பிரதி எழுதியது:

மின்மினி அவர்களே, நாவலையே முதலில் படியுங்கள். 2011-இல் பிபிசி புக்ஸ் இதை மறுபதிப்புச் செய்தது. கேட்டு மகிழ விரும்பினால், லிஸ் ஷாவாக நடித்த கரோலின் ஜான் தம் குரலில் வாசித்த ஒலிநூலும் உண்டு. தொலைக்காட்சிக் கதை பொறுமையாக நகர்வது. ஏழு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்க்க முயலாமல் நாளுக்கு ஒன்றாகப் பார்த்தால் அதன் அமைப்பு புலப்படும்.

அடுத்ததாக ‘த டூம்ஸ்டே வெப்பன்’ நாவலைப் பரிந்துரைக்கிறேன். 1971-இல் வந்த ‘காலனி இன் ஸ்பேஸ்’ கதையை ஹல்க் 1974-இல் நாவலாக்கினார். ஒரு கோளில் குடியேறிய எளிய விவசாயிகளை விரட்டிவிட்டு அங்குள்ள கனிமத்தைத் தோண்டப் பார்க்கும் சுரங்க நிறுவனத்தின் கதை அது. அங்கும் அவர் டாக்டரிடமிருந்து தொடங்கவில்லை. டாக்டரின் இனமான காலப் பிரபுக்களின் ஆவணங்களைக் காத்துவரும் ஒரு முதியவர், தமக்குப் பின் வரப்போகும் இளையவரிடம் பேசுவதிலிருந்து தொடங்குகிறார். உதவியாளரான ஜோ கிராண்ட் அங்கேதான் டாக்டரை முதன்முதலாகச் சந்திப்பதாகவும் எழுதிவிட்டார். தொலைக்காட்சியின்படி அது பொருந்தாது. விட்டேக்கர் காட்டிய அதே உரிமை.

கல்லடுக்கு எழுதியது:

இழை முழுவதும் ஓக்டெலின் பக்கமே சாய்ந்திருப்பதால், மோர்க்காவுக்காகவும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஹல்க் ஒரு காலத்தில் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். நிலம் யாருடையது, அதை ஆள யாருக்கு உரிமை என்ற கேள்வியை அவர் இலேசாக எழுதியிருக்க முடியாது. மோர்க்காவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் உறங்கப் போகும்போது பூமி அவனுடையது. விழிக்கும்போது, தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட விலங்கின் வழித்தோன்றல்கள் அதன்மேல் ஆலைகளும் நகரங்களும் கட்டியிருக்கிறார்கள். தலைமைக்கு வந்த முதியவர் அந்த விலங்குகளிடம் சென்று கொஞ்சம் இடம் கேட்கலாம் என்கிறார். மோர்க்கா செய்தது கொடுமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவனுடைய சினத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை வாசகன் மறக்க முடியாதபடி அந்த முதல் பக்கங்கள் செய்துவிடுகின்றன.

மனிதர் பக்கத்தில் அவனுக்கு நிகரானவர் யார் என்று தேடினால் நான் மேஜர் பார்க்கரிடம் வந்து நிற்கிறேன். இருவரும் எதிரியைக் கண்டவுடன் சுடுபவர்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை என்றாலே துரோகம். ஓக்டெலும் டாக்டரும் சமாதானம் நாடுபவர்கள் என்ற ஒப்புமை வெளிப்படையானது. இந்த இரண்டாவது ஒப்புமையையும் ஹல்க் அறிந்தே வைத்தார் என்று நான் நம்புகிறேன். அகல்விழி அவர்கள் பார்க்கரின் பின்கதை அவரை மனிதராக்குகிறது என்று எழுதினார். அதே நியாயத்தை மோர்க்காவுக்கு நாவல் எவ்வளவு தூரம் கொடுக்கிறது என்று மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்? ஓக்டெலைக் கொன்ற பிறகு அவனுடைய மனத்துக்குள் ஹல்க் போதுமான அளவு இறங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.